இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கரிசல்காரன் (இழை தொடங்கியவர்) · 31 அக்டோபர் 2024, காலை 7.10

இன்றோடு நாற்பது வருடம். அப்போது எனக்குப் பத்து வயது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஒரு நாளைக்கு மூன்று முறை பஸ் வந்து திரும்பும் ஊர். புதன்கிழமை. காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குக் கிளம்பிய எங்களைத் தலைமையாசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். மைதானத்து வேப்பமரத்தடியில் நின்றபடி, "பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்" என்றார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. நான் குள்ளம் என்பதால் முன்வரிசை. கீழிருந்து அண்ணாந்து பார்த்ததில் கண்ணாடி வில்லை இரண்டிலும் வானம்தான் தெரிந்தது, கண் தெரியவில்லை. வேப்பிலை வாசம்கூட இன்னும் மூக்கில் நிற்கிறது. அப்புறம் விடுமுறை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், சந்தோஷமாகத்தான் ஓடினோம், பொய் சொல்வானேன்.

நேற்றுச் சாப்பிட்ட குழம்பு மறந்துவிடுகிறது. இது மட்டும் அச்சடித்தது போல நிற்கிறது. உங்களுக்கு எப்படி? அந்த நாள்தான் என்றில்லை, நாட்டையே உலுக்கிய எந்தச் செய்தியானாலும் சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர் · 31 அக்டோபர், காலை 9.02

தம்பி, குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காலைப் பிரார்த்தனையில் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. சம்பவம் நடந்ததே காலை 9.20 வாக்கில். சப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்து அக்பர் சாலை அலுவலகத்துக்குத் தோட்டத்து வழியாக நடந்து போகிறார். அங்கே ஒரு ஆவணப்படத்துக்காகப் பேட்டி எடுக்க பீட்டர் உஸ்தினோவ் காத்திருக்கிறார். நடுவழியில் அவருடைய சீக்கியப் பாதுகாவலர்கள் இருவரே சுட்டார்கள். இறந்துவிட்டதாக எய்ம்ஸ் மருத்துவமனை சொன்னது பிற்பகல் 2.20 வாக்கில். கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள தலைமையாசிரியருக்குக் காலை ஒன்பதரைக்கு யார் சொன்னார்கள்?

நான் அப்போது மதுரை தொலைபேசி எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில். காலை ஷிஃப்ட். பத்தரை மணி இருக்கும். ஒரு கால் இணைப்பதற்காக மதராஸ் போர்டைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்தவள் நம்பரைக் கேட்காமல், "பி.எம்.மைச் சுட்டுவிட்டார்களாம், உயிர் இருக்கிறதாம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு போர்டு முழுவதும் விளக்கு. எல்லோரும் உடனடி இணைப்பான லைட்னிங் கால் கேட்டார்கள். சாதாரண அழைப்பைப் போலப் பல மடங்கு கட்டணம், யாரும் காசைப் பார்க்கவில்லை. லைனில் காதில் விழுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. அடுத்த வீட்டு மாமி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு ரேடியோவில் வந்ததும் ஓடிவந்து எனக்குச் செய்தி சொன்னார். புதிதாகக் கேட்பவள் போல "ஐயோ" என்றேன். அந்த "ஐயோ"தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வானொலிப்பித்தன் · 31 அக்டோபர், காலை 10.25

அம்மா சொல்வது சரி. அகில இந்திய வானொலி மாலை ஆறு மணி வரை மரணத்தைச் சொல்லவில்லை. பிபிசி சொல்லிப் பல மணி நேரம் கழித்துத்தான் நம் வானொலி வாயைத் திறந்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏமன் நாட்டில் இருந்தார், அவர் வந்து சேர வேண்டும். அடுத்த பிரதமர் யார் என்று முடிவாக வேண்டும். ராஜீவ் காந்தியே மேற்கு வங்கத்தில் பிரசாரத்தில் இருந்தபோது டிரான்சிஸ்டரில் பிபிசியைப் பிடித்துத்தான் விவரம் தெரிந்துகொண்டார். மகன் நிலைமையே அப்படி.

ஆனால் செய்தி சொல்லாத வானொலியும் செய்தி சொல்லிவிடும். வழக்கமான நிகழ்ச்சி நின்று வீணையோ சாரங்கியோ ஷெனாயோ தொடர்ந்து ஓடினால், "யாரோ பெரிய ஆள் போய்விட்டார்" என்று டீக்கடையில் புரிந்துகொள்வார்கள். அன்று நான் விருதுநகரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் முதலே முதலாளி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மாலையில் சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் வந்ததும் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறதிமன்னன் · 31 அக்டோபர், காலை 11.40

வானொலிப்பித்தன் ஐயா, அன்று மாலை வாசித்தது சரோஜ் நாராயணஸ்வாமிதான் என்று உறுதியாகத் தெரியுமா? என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். என் மாமனாரும் அப்படித்தான். நேருவின் மரணத்தையும் அவர் குரலில் கேட்டதாகச் சொல்லும் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். டெல்லித் தமிழ்ச் செய்தி என்றாலே நம் தலைமுறைக்கு அந்தக் குரல். அதனால் எந்தப் பெரிய செய்தியையும் அவர் வாயில் வைத்துவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுப்பவன், அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன். இந்த வகை நினைவுக்கு 1977-ல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இருவர் ஃபிளாஷ்பல்ப் நினைவு என்று பெயர் வைத்தார்கள். கென்னடி சுடப்பட்ட செய்தியைக் கேட்ட இடத்தை அமெரிக்கர்கள் போட்டோ பிடித்தது போலச் சொன்னார்கள் என்பதால் வந்த பெயர். பிறகு உல்ரிக் நைசர் வந்தார். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அவரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் "எங்கே, யார் சொல்லிக் கேட்டாய்" என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ இரண்டரை வருடம் கழித்து அதே மாணவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. தவறாகச் சொன்னவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லவில்லை, அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

இதைவிட ருசியான விஷயம் நைசரின் சொந்தக் கதை. 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது, சிறுவனாகத் தன் வீட்டில் ரேடியோவில் பேஸ்பால் ஆட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் பல வருடம் நம்பியிருந்தார். ஒரு நாள் திடீரென்று உறைத்தது: டிசம்பரில் ஏது பேஸ்பால்? பின்னால் வேறு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து, அன்று நடந்தது கால்பந்து, ஆனால் ஆடிய இரண்டு அணிகளுக்கும் பேஸ்பால் அணிகளின் பெயர்கள் என்று கண்டுபிடித்தார்கள். முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை.

கரிசல்காரன், உங்கள் தலைமையாசிரியர் அந்தப் பேஸ்பால் ஆட்டம் மாதிரியோ என்னவோ.

கரிசல்காரன் · 31 அக்டோபர், மதியம் 12.15

ஐயா, அமெரிக்க மாணவர்கள் மறந்தார்கள் என்பதற்காக நான் மறந்தவன் ஆகிவிட மாட்டேன். நேரம் வேண்டுமானால் பிசகியிருக்கலாம். காலைப் பிரார்த்தனையாக இல்லாமல் மாலைக் கடைசி மணியாக இருந்திருக்கலாம். அல்லது மறுநாள் காலை. தலைமையாசிரியரும் கண்ணாடியும் வேப்பமரமும் பிசகாது. எங்கள் ஊரில் வந்து பாருங்கள், அந்த மரம் இன்றும் நிற்கிறது.

மொய்க்கவர் · 31 அக்டோபர், மதியம் 1.30

எண்பதுகளில் நான் பிறக்கவே இல்லை. என் தலைமுறைக்கு 2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி. திருநெல்வேலியில் சித்தப்பா மகளின் கல்யாணம். நான் மொய் எழுதும் மேஜையில். எட்டேகாலுக்கு மண்டபத்துக்கு வெளியே ஒரு சலசலப்பு. 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு இன்று நள்ளிரவோடு செல்லாதாம். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் மேஜைக்கு ஒரு வரிசை வந்தது பாருங்கள்! வழக்கமாக 200 எழுதுகிற குடும்பங்கள் எல்லாம் ஆயிரம் எழுதின. ஒருவர் ஏற்கெனவே வைத்த இரண்டு நூறு ரூபாய்த் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஐந்நூறு வைத்துவிட்டுப் போனார். "பெருந்தன்மையைப் பாரு" என்றார் சித்தப்பா. விவரம் புரிய அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

வானொலிப்பித்தன் · 31 அக்டோபர், மதியம் 1.52

தம்பி, 2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை. திருநெல்வேலியில் செவ்வாய்க்கிழமை கல்யாணமா?

மொய்க்கவர் · 31 அக்டோபர், மதியம் 2.04

ஐயா, முகூர்த்தம் புதன்கிழமை காலை. செவ்வாய் இரவு வரவேற்பு. பந்தலில் எழுதியிருந்த தேதி இன்னும் போட்டோவில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன். இந்த இழையில் நுழைந்தாலே குறுக்கு விசாரணையா?

அடுத்த மாதமே இன்னொன்று. டிசம்பர் 5, திங்கள். ஜெயலலிதா என் நினைவில் இரண்டு முறை இறந்தார். மாலை ஐந்தரை வாக்கில் சில சேனல்களில் செய்தி வந்துவிட்டது, கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி இறங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் எல்லோரையும் பஸ் பிடித்துப் போகச் சொல்லி அனுப்பினார்கள். பாதி வழியில் மருத்துவமனை மறுத்தது, கொடியும் ஏறிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி, "இப்போது அழுவதா வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. இரவு 11.30-க்கு இறந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகு வந்தது. அதைக் கேட்டபோது எங்கே இருந்தேன் என்று கேட்டால் தெரியவில்லை. முதல் பொய்ச் செய்தியைக் கேட்ட இடம் மட்டும் தெரிகிறது: கம்பெனி கேண்டீன், கையில் பாதி வடை.

வானொலிப்பித்தன் · 31 அக்டோபர், மாலை 4.20

இரண்டு முறை இறந்தவர் அவர் மட்டுமல்ல. 1979 மார்ச் 22-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வானொலி ஒலிபரப்பியது, அவை ஒத்திவைக்கப்பட்டது. அவரோ பம்பாயில் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். நிஜமாக இறந்தது அக்டோபர் 8-ல். 1984-ல் மரணத்தைச் சொல்ல அத்தனை தயங்கியதற்கு அந்தச் சூடும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் யூகம். யூகம்தான்.

சரோஜ் நாராயணஸ்வாமி விஷயமாக மதியம் முழுவதும் யோசித்தேன். குரல் அவருடையது என்று என் காது சொல்கிறது. மூட்டைமேல் ஆட்கள் உட்கார்ந்தது சத்தியம். குரலுக்கு மட்டும் சத்தியம் செய்ய இப்போது வாய் வரவில்லை. மறதிமன்னன், உங்களுக்கு நல்லது நடக்கட்டும்.

வடமராட்சியான் · 31 அக்டோபர், மாலை 6.45

நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது திருச்சியில். 1984-ல் எனக்குப் பதினேழு வயது. 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இந்திரா காந்தி படமும் இருந்தது. செய்தி வந்ததும் அம்மம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, "இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். ஒழுங்கையெல்லாம் கறுப்புக் கொடி கட்டினோம். என் பள்ளிக்கூடக் குடையைக் கிழித்துத்தான் எங்கள் வீட்டுக் கொடி. அடுத்த மழைக்கு நனைந்துகொண்டு போனேன்.

இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர். அப்போது நான் இங்கே, ஒரு அச்சகத்தில் வேலை. குண்டு வெடித்தது இரவு பத்து மணிக்கு மேல், ஆகவே எனக்குத் தெரிந்தது மறுநாள் விடியற்காலையில். அறையில் கூட இருந்த நண்பன், அவன் தஞ்சாவூர்க்காரன், என்னை எழுப்பினான். "ராஜீவ் காந்தி இறந்துவிட்டார்" என்று அவன் முதலில் சொல்லவில்லை. "இன்றைக்கு வெளியே போகாதே, போனாலும் வாயைத் திறக்காதே" என்றான். செய்தியைப் பிறகுதான் சொன்னான். யார் செய்தார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் என் பேச்சு என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று நாள் அறைக்குள்ளேயே இருந்தேன். அவன் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த வாழையிலையின் நரம்புகள்கூட நினைவிருக்கின்றன. ஏழு வருடத்துக்கு முன் அழுத அதே குடும்பத்துக்கு, நான் இந்த முறை மூச்சை அடக்கிக்கொண்டு அழுதேன். அதை யாரிடமும் விளக்க முடியவில்லை, இன்றுவரை.

பழைய ஆபரேட்டர் · 31 அக்டோபர், இரவு 8.10

வடமராட்சியான் தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

ஆர்.கே.புரம் · 31 அக்டோபர், இரவு 11.05

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

டெல்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர், வயது இருபத்து மூன்று, அம்மாவுடன் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தேன். பத்தரை மணிக்கெல்லாம் அலுவலகத்தில் செய்தி பரவிவிட்டது. எய்ம்ஸ் எங்களுக்குக் கூப்பிடு தூரம், மதியம் நாங்கள் நாலைந்து பேர் நடந்தே போனோம். வாசலில் கூட்டம். முதலில் அழுகைதான். பிற்பகலில் தொனி மாறியது. "ரத்தத்துக்கு ரத்தம்" என்ற இந்திக் கோஷத்தை அங்கேதான் முதலில் கேட்டேன். மாலையில் விமான நிலையத்திலிருந்து நேரே வந்த ஜெயில் சிங்கின் கார் வரிசைமேல் கல் விழுந்தது. நாட்டின் குடியரசுத் தலைவர், ஆனால் அவரும் தலைப்பாகை கட்டியவர்.

இதெல்லாம் எனக்குப் படித்ததா பார்த்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. நாற்பது வருடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், என் கண்ணால் பார்த்தது அதற்குள் கரைந்துவிட்டது. கரையாதது மறுநாள்.

நவம்பர் 1, வியாழன். காலையிலேயே வடக்கிலும் கிழக்கிலும் புகை. சந்திப்பில் இருந்த டாக்ஸி ஸ்டாண்டில் எரிந்த வண்டிகளின் டயர் நாற்றம். மேல் வீட்டில் ஒரு சர்தார் குடும்பம், அவரும் அரசு ஊழியர்தான். பதினொன்று பன்னிரண்டு வயதில் ஒரு மகன், மாலையில் என்னோடு கிரிக்கெட் ஆடுவான். மத்தியானம் அந்த அம்மா இறங்கி வந்தார். என் அம்மாவுக்கு இந்தி அரைகுறை. அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு விரலைக் கத்தரி போல அசைத்துக் காட்டினார். அம்மா தையல் மிஷின் டிராயரிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "நீயும் கூடப் போ" என்றாள்.

தரையில் செய்தித்தாள் விரித்துப் பையனை உட்காரவைத்தார்கள். முடி இடுப்புவரை இருந்தது. அவன் அம்மாவுக்குக் கை நடுங்கி வெட்ட வரவில்லை. வெட்டியது நான். துணிக் கத்தரிக்கோலுக்கு முடி எளிதில் வெட்டுப்படாது, நழுவும். பிடி பிடியாகப் பற்றி நாலு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அவன் அழவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடித்ததும் அவன் அம்மா கீழே கிடந்ததையெல்லாம், ஓர் இழை விடாமல், துப்பட்டாவில் முடிந்துகொண்டார். நான் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினேன். இரண்டு இரவு அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

அந்தச் செய்தித்தாளில் இந்திரா காந்தியின் படம் இருந்தது என்று எழுத வருகிறது. எழுதினால் நன்றாகவும் இருக்கும். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. எந்தத் தேதிப் பேப்பர் என்று நான் பார்க்கவே இல்லை.

டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு. "செய்தி வந்தபோது எங்கே இருந்தாய்" என்று கேட்டால் நான் புதன்கிழமையைச் சொல்வதில்லை.

மறதிமன்னன் · 1 நவம்பர், காலை 6.30

ஐயா, இதற்குமேல் நான் ஆய்வு பேச மாட்டேன். ஒன்று மட்டும்: கத்தரிக்கோல் நழுவியது என்று எழுதினீர்களே, அது போன்ற விவரம் படித்து வருவதில்லை.

கரிசல்காரன் · 2 நவம்பர், இரவு 9.15

இரண்டு நாளாக இங்கே வரவில்லை. ஊருக்குப் போயிருந்தேன். அக்காவிடம் இந்த இழையைக் காட்டினேன். முதல் பதிவைப் படித்ததும் சிரித்தாள். "நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை" என்றாள். சண்டை வந்துவிட்டது. ஐம்பது வயதில் அக்கா தம்பிச் சண்டை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மா வரவு செலவு எழுதிய நோட்டுகளை அக்கா பரணில் வைத்திருக்கிறாள். 1984 நோட்டை இறக்கினாள். பாச்சை உருண்டை நாற்றம். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு பக்கத்தின் தலைப்பில், அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில்: "தம்பிக்கு அம்மை கண்டது." அதன்கீழ் நாள் வாரியாக இளநீர், நுங்கு கிடைக்கவில்லை, பனங்கற்கண்டு. நவம்பர் 5-ல்: "முதல் தண்ணீர் விட்டது." ஆக அக்டோபர் 31 அன்று நான் வேப்பிலைப் படுக்கையில். பிரார்த்தனையாவது, முன்வரிசையாவது.

இன்னொன்று. 31-ஆம் தேதியில் கடைசி வரி: "ரேடியோ கட்டை 4." கட்டை என்றால் பேட்டரி. விலை இல்லை, கடன் போல. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டருக்கு நாலு கட்டை. நாலையும் புதிதாக வாங்கியிருக்கிறார்கள் என்றால் அதுவரை ரேடியோ செத்துக் கிடந்திருக்கிறது. யாரோ வந்து சொல்லித்தான் அப்பா கட்டை வாங்க ஓடியிருக்கிறார்.

தோற்றுவிட்டேன். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும், கண்ணை மூடினால் தலைமையாசிரியர்தான் நிற்கிறார். நூல் சுற்றிய அந்தக் கண்ணாடிக்கு என்ன பதில்? அது எங்கிருந்து வந்தது?

பழைய ஆபரேட்டர் · 2 நவம்பர், இரவு 9.40

அம்மா நோட்டைப் பத்திரமாக வையுங்கள் தம்பி. பரணில் வேண்டாம், கரையான் பிடிக்கும்.

கரிசல்காரன்_அக்கா · 3 நவம்பர், காலை 8.20

வணக்கம். தம்பிதான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் ஒன்பதாம் வகுப்பு. நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து பாவாடையை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்ததால் வெளியாட்கள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். தம்பியைக் காற்றுக்காகத் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். அப்போது தெருமுனை டெய்லர் வேகமாக வந்தார். அவர் கடையில் எந்நேரமும் இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருக்கும். படியேறாமல் வாசலிலேயே நின்று, "சுட்டுக் கொன்றுவிட்டார்களாம்" என்றார்.

அம்மா, "யாரை, எம்.ஜி.ஆரையா?" என்று கேட்டாள். அவர் அக்டோபர் 5 முதல் மருத்துவமனையில் படுத்திருந்தார், ஊரே அந்தச் செய்திக்குத்தான் பயந்துகொண்டிருந்தது. 67-ல் ஒரு தடவை சுடப்பட்டவர் வேறு. டெய்லர் தலையை ஆட்டி, "இந்திரா காந்தியை" என்றார். அம்மாவுக்கு முதலில் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நொடி அதற்காகவே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கட்டை வாங்கப் போனார்.

தம்பி பள்ளிக்குத் திரும்பியபோது இரங்கல் கூட்டம் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டத்தை அவனுக்குச் சொன்னவள் நான்தான், அதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

எங்கள் தலைமையாசிரியர் கண்ணாடி போட்டதே இல்லை. காம்பில் நூல் சுற்றிய கண்ணாடி டெய்லருடையது. அது தையல் நூல், கறுப்பு. பாயில் படுத்திருந்தவன் கீழிருந்து அண்ணாந்து பார்த்திருப்பான்.

தீபாவளிக்குத் தைத்த அவனுடைய டவுசரின் கூலிப் பாக்கியையும் கேட்டுவிட்டுத்தான் போனார். அதுவும் நோட்டில் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன்.